நாகலெட்சுமி கடைசிவரை பார்த்த நான்கு படங்கள்

'நல்ல படமா நாலு சொல்லுங்க' என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடிப்படி ஏறிப் போகிற ஒற்றை அறையில் பதின்மூன்று வருடம் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவன் நான். பெயர் அலோசியஸ். கடையின் பெயர் 'ஐவி வீடியோ'. ஐவி என் மனைவி. அந்தக் குப்பைக்கெல்லாம் தன் பெயரை வைத்துவிட்டேன் என்று அவள் கடையைப் பூட்டுகிறவரை புலம்பிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது சரிதான். 1991இல் திறந்து 2004இல் பூட்டினேன். அதற்குள் என் மேசையைத் தாண்டிப் போன படங்களில் முக்கால்வாசியை மழையில் போட்டிருந்தால்கூட எந்தப் பாவமும் வந்திருக்காது.

அதிலும் எங்கள் மலையைக் காட்டுகிற படங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நாயகி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வருவாள். கோயிலுக்குப் பூக்கூடை கொண்டுபோகிற மாதிரி கொழுந்துக் கூடையை முழங்கையில் மாட்டியிருப்பாள். கூடையின் கயிறு தலையில் இருக்க வேண்டும், பாரம் முதுகில் இறங்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் தெரியாது. செருப்போடு செடிக்கு நடுவே ஓடுவாள். பறிப்பது என்னவோ ஆட்டுக்குக்கூடப் போட முடியாத முற்றல் இலை. அதைப் பறித்துவிட்டு ஒரு சிரிப்பு வேறு. எங்கள் பெண்கள் அட்டைக்கடியோடும் இடுப்பில் சுற்றிய ஈரப் படங்கோடும் நிற்கிற மலையில் இந்த ஆட்டம்.

எனவே நான் சொல்லப்போகிற நான்கு படங்களும் நானாகத் தேர்ந்தவை அல்ல. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஏன் கிடையாது என்பதையும் சொல்கிறேன். அவற்றைத் தேர்ந்தவள் நாகலெட்சுமி. வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேற்பிரிவில் கொழுந்து பறித்தவள்.

அவள் முதன்முதலாகக் கடைக்கு வந்தது 1993இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன தங்கை ஒரு டிவியும் வீடியோ டெக்கும் அனுப்பியிருந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே முதல் டெக். பிரபலமான சண்டைப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு கேசட்டை மேசையில் வைத்த விதத்திலேயே அவளுடைய கோபம் தெரிந்தது.

"இந்தச் சனியன எடுத்து உள்ள வைங்கண்ணே. பாதிதான் பாத்தேன்."

"ஏன், நாடா சிக்கிருச்சா?"

"நாடா நல்லாத்தான் ஓடுச்சு. அந்த ஆளு விறகு வெட்டுறான்ல, கோடாலிய எங்க புடிக்கிறதுன்னே தெரியல அவனுக்கு. ஒரு வெட்டு வெட்டிட்டு வேர்வய தொடைக்கிறான். அவன் ஏழு பேர அடிக்கிறானாம். எனக்கு அருவருப்பா போச்சு, நிப்பாட்டிட்டேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு கண்ணீர்ப் படம் கொடுத்தேன். அதையும் பாதியில் கொண்டுவந்தாள். ஏழைத் தாய் அம்மியில் மிளகாய் அரைக்கிறாளாம், குழவியைச் சும்மா உருட்டுகிறாளாம். "அம்மியில மொளகாயே இல்லண்ணே. நான் கிட்ட போயி பாத்தேன். கண்ணீரு மட்டும் வருது." மூன்றாவது படத்தில் கொத்தனார் தப்பு. நான்காவதில் சலவைக்காரி தப்பு. ஒரு படத்தில் வைத்தியர் ஊசி போட்ட விதத்தைப் பார்த்துவிட்டு, தோட்டத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரே இவரைவிட மேல் என்றாள். முகம் எவ்வளவு அழுதாலும் அவளுக்கு அக்கறை இல்லை. அவள் பார்ப்பது கையை. அந்தக் கைக்கு அந்த வேலை தெரியாது என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த மனிதர் சொல்கிற மற்ற எதையும் அவள் நம்ப மாட்டாள்.

அவளுடைய கையை நானும் பார்த்திருக்கிறேன். கொழுந்துச் சாறு ஏறி விரல் நுனிகள் கறுத்து, வெடிப்புகளில் அந்தக் கறை கோடுகோடாக நிற்கும். அவளுடைய கங்காணி அழகுமுத்து கடைக்கு வந்தால் ஊர்ப் பெருமை பேசாமல் போக மாட்டார். "நாகலெட்சுமி கூடையில முத்தலும் இருக்காது, வெறுந் தண்டும் இருக்காது. கண்டாக்கு மத்த கூடைக்கெல்லாம் கைய விட்டுக் கிளறுவாரு, அவ கூடைய மட்டும் பாக்கவே மாட்டாரு" என்பார். கண்டாக்கு என்றால் தோட்டத்தில் இலையின் தரம் பார்த்துக் கணக்குப் போடுகிற உத்தியோகத்தர். குறை கண்டுபிடிக்கத்தான் அவருக்குச் சம்பளமே. அவரே பார்க்காத கூடை.

ஒரு வருடத்தில் என் கடையிலிருந்த தமிழ்ப் படமெல்லாம் அவளுக்குத் தீர்ந்துபோனது. தீர்ந்தது என்றால் பாதி பாதியாகத் தீர்ந்தது. என்னுடைய சரக்கை ஒரு பெண் வாரா வாரம் இப்படிக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனால் எரிச்சல் வராதா? வந்தது. அந்த நேரத்தில் கொழும்பில் ஏதோ வெளிநாட்டுக்காரர்களின் வாசிகசாலையை மூடியபோது பழைய பேப்பர்க்காரன் அள்ளிவந்த ஒரு பெட்டி கேசட் என் மொத்த வியாபாரியிடம் கிடந்தது. ஒன்றுக்கும் உதவாது, வெறும் நாடா விலைக்கு எடுத்துக்கொள், மேலே வேறு படம் பதிவு செய்துகொள் என்று தலையில் கட்டினான். பாதிக்கு மேல் அட்டையே இல்லை. என்ன மொழி என்றுகூட எனக்குத் தெரியாது. சிலதில் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. நாகலெட்சுமியின் தொல்லை தீரட்டும் என்று அதிலிருந்து ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில் கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தப் படத்தை அவள் இரண்டு வாரம் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுத்தபோது அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"முழுசா பாத்தேண்ணே. ரெண்டு தடவ."

அதுதான் முதல் படம். நாங்கள் அதைத் துணிப் படம் என்போம். கறுப்பு வெள்ளை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை செய்யும் நடுத்தர வயதுப் பெண். காலையில் வருகிறாள், இரத்தக் கறையும் மலக் கறையும் படிந்த விரிப்புகளைப் பிரிக்கிறாள், வெந்நீரில் போடுகிறாள், இன்னொருத்தியோடு இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பிழிகிறாள். பாட்டு கிடையாது. வில்லன் கிடையாது. படம் பாதி போன பிறகு அவளுடைய மகனே அந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று நமக்குத் தெரிகிறது. அவனைப் பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. அவனுடைய விரிப்பு எது என்று கறையை வைத்துத் தேடுகிறாள். நானும் பிறகு பார்த்தேன். சோறு இறங்கவில்லை. அசிங்கத்தை அசிங்கமாகவே காட்டுகிற படம் அது. எங்கள் படங்கள் காட்டுகிற அழகைவிட எவ்வளவோ சுத்தம்.

"அவ பிழியிறா பாருங்க, அப்பிடித்தாண்ணே பிழியணும். அது நடிக்கிற பொம்பள இல்ல" என்றாள் நாகலெட்சுமி. நடிகைதான் என்று நான் அடித்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை. இன்றுவரை எனக்கும் நிச்சயமில்லை.

இரண்டாவது, கிணற்றுப் படம். பாறை நிலத்தில் அண்ணனும் தம்பியும் கிணறு வெட்டுகிறார்கள். ஏதோ பழைய பகை, பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவன் உள்ளே இறங்கினால் மற்றவன் மேலே கயிறு பிடிக்க வேண்டும். பேசாதவனுடைய கையில் உயிரைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான் கதை. தண்ணீர் வருகிறதா என்று நான் சொல்ல மாட்டேன். அலவாங்கு பிடித்துப் பாறை பெயர்க்கிற தோட்டத்து ஆண்கள் பத்துப் பேரைக் கூட்டிவைத்து நாகலெட்சுமி அந்தப் படத்தைப் போட்டிருக்கிறாள். ஒருவரும் எழுந்து போகவில்லையாம். எனக்கு அது கொஞ்சம் நீளம் என்று பட்டது. ஆனால் யார் என்னைக் கேட்டார்கள்?

மூன்றாவது சிங்களப் படம். கரையோர ஊர் ஒன்றில் தென்னை மட்டையை ஊறப்போட்டு அடித்துக் கயிறு திரிக்கிற கிழவி. அவள் திரித்த கயிறு எங்கெங்கே போகிறது என்று கூடவே போய்க் காட்டுகிற படம். ஒரு துண்டு கன்றுக்குட்டியின் கழுத்துக்குப் போகிறது, ஒரு துண்டு வள்ளத்துக்கு, ஒரு துண்டு தூக்குப் போட்டுக்கொள்கிறவன் வீட்டுக்கு. கிழவிக்கு எதுவுமே தெரியாது, திரித்துக்கொண்டே இருக்கிறாள். இதை நான் கண்டியில் ஒரு கடையில் தூசிக்குள்ளிருந்து எடுத்தேன். சிங்களப் படம் எதற்கு என்று கடையில் நின்ற ஒருவன் மூஞ்சியைச் சுளித்தான். நாகலெட்சுமி அவனைத் திரும்பிப் பார்த்து, "மட்ட அடிக்கிறதுக்கு என்னா பாஷங்க?" என்றாள்.

நான்காவது, பூட்டுத் திருடன். இதுதான் அவளுக்கு உயிர். பனி பெய்கிற ஊரில் ஒரு திருடன். பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போகிறான். வேண்டியதை எடுத்துக்கொள்கிறான். வெளியே வரும்போது மட்டமான பூட்டாக இருந்தால் அவனுக்குப் பொறுக்காது. வாசலிலேயே உட்கார்ந்து அதைப் பிரித்து, எண்ணெய் விட்டு, சுருளை மாற்றிச் சரிசெய்து பூட்டிவிட்டுத்தான் போவான். அதனாலேயே மாட்டிக்கொள்கிறான். சிறைக்குப் போனால் அங்கேயுள்ள பூட்டுகளைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறான். நாகலெட்சுமி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போதுதான். "திருடுனாலும் வேல சுத்தம்ணே" என்பாள்.

ஐந்து வருடத்தில் நூறு படமாவது கொண்டுபோயிருப்பாள். கடைசிவரை பார்த்தவை இந்த நான்குதான். கடைக்கு வருகிற சிலருக்கு அவளைக் கேட்டு நான் படம் சொல்லத் தொடங்கினேன். பள்ளிக்கூட வாத்தியார்மார் வந்து, "அலோசியஸ், ஏதாவது வித்தியாசமா இருந்தா தாரும்" என்பார்கள். துணிப் படத்தைக் கொடுப்பேன். ஆகா, என்ன ரசனை உமக்கு என்பார்கள். அது என்னுடைய ரசனை அல்ல, ஒரு கொழுந்துக்காரியுடையது என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. பாராட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

1997இல் இந்தியாவிலிருந்து ஒரு படக்குழு வந்தது. நுவரெலியாவில் தங்கிக்கொண்டு மலைமலையாக அலைந்தது. ரயில் வளைந்து வருகிற இடமும் தேயிலையும் ஒரே சட்டத்துக்குள் வேண்டுமாம். வட்டவளைதான் என்று முடிவு செய்தார்கள். நாகலெட்சுமியின் மேற்பிரிவு மலைதான் வாய்த்தது. நாயகி கொழுந்து பறிக்கிற பாட்டு. ஆனால் நாயகிக்கு இரண்டங்குல நகம். அவளுடைய விரல் செடிக்குள் போனாலே பொம்மைக் கை மாதிரி இருந்ததாம். யாரோ ஒரு உதவி இயக்குநருக்கு அது கண்ணில் பட்டிருக்கிறது, அதற்கு மட்டும் அவனைப் பாராட்டலாம். கிட்டத்தில் எடுக்க வேறொரு கை தேவை என்று பெண்களையெல்லாம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்திக் கையை நீட்டச் சொன்னார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்கிற மாதிரி. அழகுமுத்து கங்காணி நாகலெட்சுமியைக் காட்டினார்.

அவள் மாட்டேன் என்றாள். இயக்குநரே வந்து கேட்டாராம். அப்போது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். முற்றல் இலையில் கை வைக்க மாட்டேன், அரும்பும் இரண்டு இலையும்தான், நான் பறிக்கிறபடிதான் எடுக்க வேண்டும் என்று.

"அம்மா, நீங்க தினம் எப்படிப் பறிப்பீங்களோ அப்படியே பறிங்க. எனக்கு அதுதான் வேணும்" என்று அவர் சொன்னாராம்.

அந்தச் சொல்லில் அவள் விழுந்துவிட்டாள். ஒரு மணி நேரம் எலுமிச்சம்பழம் போட்டுக் கையைத் தேய்த்தார்கள். மேலே ஏதோ பசையைப் பூசி, நகத்துக்குச் சாயம் போட்டு, நாயகியின் வளையல்களை மாட்டினார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். முக்கால் கூடை பறித்தாள். பகல் பன்னிரண்டுக்கு எல்லாப் பெண்களையும் கீழே அனுப்பிவிட்டார்கள். கூடை அப்படியே இருக்கட்டும், அடுத்த காட்சிக்கு வேண்டும், பிறகு கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அவள் நம்பி வைத்துவிட்டு வந்தாள். பறித்த கொழுந்து தொழிற்சாலைக்குப் போகாமல் வேறு எங்காவது போகும் என்று தோட்டத்தில் பிறந்த எவருக்குத் தோன்றும்?

அந்த ஞாயிறு கடைக்கு வந்தபோது நகத்தில் சாயம் இன்னும் போகவில்லை. அவள் அதை மறைக்கவும் இல்லை.

"அண்ணே, ஒரு படத்துலயாச்சும் கொழுந்து ஒழுங்கா பறிக்கிறத ஒலகம் பாக்கப் போகுது" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் கேசட் வந்தது. வந்த அன்றே முதல் பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வட்டவளைக்குப் போனேன். அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் பதினைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். படத்தின் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேசி வாயை அசிங்கப்படுத்திக்கொள்ள விரும்பவில்லை. பாட்டு வந்தது. ரயில் வந்தது. பிறகு திரை முழுக்க அந்தக் கைகள். இரண்டு கையும் தனித்தனியாகச் செடிமேல் ஓடுகின்றன, அரும்பும் இரண்டு இலையும் ஒடிந்து உள்ளங்கையில் சேருகின்றன, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போகின்றன. பார்க்காமலே போகின்றன. ஆறு விநாடிகூட இராது. காம்பராவே கத்தியது. "நாகலெட்சுமி கை! நாகலெட்சுமி கை!" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த சட்டத்தில் நாயகி அந்தக் கூடையைத் தூக்கினாள். நாயகன் கீழே படுத்திருந்தான். முக்கால் கூடைக் கொழுந்தையும் பூக் கொட்டுகிற மாதிரி அவன் தலையில் கொட்டினாள். அவன் எழுந்தான். இருவரும் கையைக் கோர்த்துக்கொண்டு அந்தக் கொழுந்தின் மேல் ஆடினார்கள். குதிகால் உயர்ந்த சிவப்புச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தையும் கிட்டத்தில் காட்டினார்கள். அரும்புகள் நசுங்கிச் சேற்றோடு சேருவது நன்றாகத் தெரிந்தது.

காம்பராவில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? கையிலிருந்து நாலு அரும்பு நழுவிவிட்டாலும் குனிந்து பொறுக்குகிற பெண்கள் அவர்கள். நாகலெட்சுமி வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் இப்போது அவள் சிரிக்கவில்லை.

என்ன நடந்திருக்க வேண்டும்? அந்தப் படத்தை ஊரே காறித் துப்பியிருக்க வேண்டும். நடந்தது வேறு. மஸ்கெலியா, டயகம, நானுஓயா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து 'கைப் படம்' இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். நம்ம பொம்பளையின் கை வருகிறதாம், பார்க்க வேண்டும். கூடையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் கடை தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு படம் ஓடியதில்லை.

மூன்று மாதம் கழித்து நாகலெட்சுமி வந்தாள். கடையில் ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றாள்.

"அண்ணே, நாடா அறுந்தா நீங்கதான வெட்டி ஒட்டுவீங்க?"

"ஆமா."

"அந்தப் படத்துலருந்து என் கைய எடுத்துருங்க."

"மற்ற கடையிலயும் இருக்கே, நாகலெட்சுமி. கொழும்பு பூரா இருக்கு."

"இருக்கட்டும். அவங்கள எனக்குத் தெரியாது. ஒங்க கடையில இருக்கக் கூடாது. கூடையக் கொட்டுறது, மிதிக்கிறது எல்லாம் அவங்க பண்ணுன அசிங்கம், அது அங்கனயே கெடக்கட்டும். என் கை அதுக்கு முன்னால வரக் கூடாது."

சரி என்றேன். அவள் பக்கத்திலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். படத்தை ஓட்டி, அந்த இடத்தில் நிறுத்தி, கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, நாடாவை இழுத்து, கத்தரியால் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டினேன். முனைகளைப் பொருத்தி ஒட்டினேன். ஓட்டிக் காட்டினேன். ரயில் வந்தது, படம் ஒரு குலுங்கு குலுங்கியது, நேராக நாயகி கூடையைத் தூக்கினாள். நாகலெட்சுமி மூச்சை விட்டாள். நான் வெட்டியதையும் ஒட்டியதையும் அவள் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். சுத்தமான வேலைதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"இது ஒண்ணுதானண்ணே ஒங்ககிட்ட?"

"ஒண்ணுதான்" என்றேன்.

மேசைக்குக் கீழே இரண்டாவது பிரதி இருந்தது. கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று கொழும்பிலிருந்து வரவழைத்தது. அவள் படி இறங்கிப் போனபோது அதை எடுத்து உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. அதே வாரம் சனிக்கிழமை ஒருவன் வந்து கேட்டான். வெட்டியதைக் கொடுத்தால் கை எங்கே என்று சண்டைக்கு வருவான். வெட்டாததைக் கொடுத்தேன். அடுத்தவனுக்கும் கொடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வட்டவளைப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் இல்லை என்பேன். இந்தச் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குள்ளே நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். சினிமாக்காரர்களை இவ்வளவு திட்டுகிறேனே, அவர்களாவது கூடையை ஒரு தடவைதான் கொட்டினார்கள்.

1999இல் அழகுமுத்து கங்காணி மகளின் சடங்குக்குப் பகல் முழுக்கப் படம் போட வேண்டும் என்று டெக்கையும் என்னையும் சேர்த்துக் கேட்டார். கைப் படமும் வேண்டும், இந்தியாவிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குக் காட்டவேண்டும் என்றார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். குவைத்திலிருந்து திரும்பிவிட்ட தங்கையைப் பார்க்க நாகலெட்சுமி டயகமவுக்குப் போயிருப்பதாக அவரே பேச்சுவாக்கில் சொன்னார். வாயை மூடிக்கொண்டேன். வெட்டாத பிரதியைப் பெட்டிக்குள் வைத்தேன்.

பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற கூடத்தில், டிவியை மேசைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். பந்தி முடிந்து நூறு பேராவது உட்கார்ந்திருந்தார்கள். வாழைப்பழத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நாகலெட்சுமி உள்ளே வந்தாள். காலை ரயிலிலேயே திரும்பிவிட்டாளாம். என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள். கேசட் பெட்டியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினேன்.

"கைப் படத்தப் போடுங்க அலோசியஸ்" என்றார் அழகுமுத்து.

"ஹெட்டுல தூசிங்க கங்காணி. வேற படம் போடுவோம்."

நாகலெட்சுமி கேட்டுவிட்டாள். தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். "போடச் சொல்லுங்க கங்காணி. அது அண்ணன் வெட்டுன படம். என் கை வராது, எல்லாரும் பாக்கட்டும். நான் சொன்னேன்னு வெட்டிக் குடுத்தாரு. ஹட்டன்ல வேற எந்தக் கடக்காரரு செய்வாரு?" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

அழகுமுத்து என் பெட்டிக்குள் கையை விட்டுத் தானே கேசட்டை எடுத்தார். அட்டையை மேசைமேல் போட்டுவிட்டு, கேசட்டை டெக்குக்குள் தள்ளினார். பாட்டு வருகிற இடம் அவருக்கு மனப்பாடம், அதுவரை வேகமாக ஓட்டினார். மின்கம்பி என் காலடியில்தான் கிடந்தது. ஒரு உதை உதைத்தால் போதும். உதைத்தால் ஏன் உதைத்தான் என்று கேட்பார்களே என்று நின்றேன். ரயில் வந்தது. கைகள் வந்தன.

நூறு பேர் கைதட்டினார்கள். ஒரு குலுக்கலும் இல்லாமல், அரும்பும் இரண்டு இலையுமாகத் திரை நிறைந்தது. பிறகு கூடை. பிறகு சப்பாத்து. கைதட்டல் ஓய்ந்தபோது அழகுமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னாங்க அலோசியஸ், வெட்டுனதா சொன்னாங்க?"

நாகலெட்சுமி மேசையில் கிடந்த அட்டையை எடுத்தாள். 'ஐவி வீடியோ, ஹட்டன்' என்று பெரிய எழுத்தில் என் கையெழுத்து. அவளுக்குத் தமிழ் நன்றாகவே வாசிக்கத் தெரியும். வாசித்தாள். எழுத்து இருந்த பக்கத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். யாரும் அதைப் பார்க்க முடியாது.

"இது அண்ணன் கட கேசட்டு இல்லீங்க கங்காணி" என்றாள். "அவரு வெட்டிட்டாரு. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பிடித்தானண்ணே?"

நூறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன். "இது வேற கடையில எடுத்தது."